மூன்றாம் அத்தியாயம் விழுந்த காலை

கேளம்பாக்கம் சந்திப்பில் ஒரு பைண்டிங் கடை இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் என் கால்களுக்கு முன்னால் என் மூக்கு நின்றுவிடும். புது ரெக்சின் அட்டை, மைதாப் பசை, தங்க எழுத்து அச்சாகும்போது கிளம்பும் ஒரு கருகல். முனைவர் பட்டத்துக்கு வாசனை உண்டென்றால் அது இதுதான். உப்பளத்துக் காற்று அதோடு கலந்து வரும்போது, பழைய மகாபலிபுரம் சாலையோரம் நான் வாத்தியாராக இருந்த ஆண்டுகள் எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே போய், வெளியே வர மறுக்கின்றன.

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் சேர்ந்து என்னிடம் கேட்டீர்கள்: "மேடம், ஏதாவது எழுதிக் கொடுங்க, எங்களுக்கு உதவியா இருக்கும்." உதவியாக இருக்குமா என்று தெரியாது. பாடத்திட்டம் எப்படி எழுதுவது, மதிப்பெண் எப்படிப் போடுவது என்பதெல்லாம் அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. அதனால்தான் ஓய்வு வயது வரும் முன்னே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அசையாமல் உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதைச் சொல்கிறேன்.

முதலில், குர்து இலக்கியம் நம் துறைக்குள் எப்படி நுழைந்தது என்பது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பாடத்திட்டக் கூட்டம். ஒப்பிலக்கியத்தில் புதிதாக ஒரு விருப்பப் பாடம் வேண்டும் என்றார்கள். நான் அப்போது ஆங்கில வழியாகக் குர்துக் கதைகளில் விழுந்து கிடந்த நேரம். மலையில் பிறந்து, நாலு நாடுகளுக்குள் சிதறி, மூன்று விதமான எழுத்துகளில் அச்சாகிக்கொண்டிருந்த ஒரு மொழி. எனக்கு அதன்மேல் வந்தது காதல்தான், வேறு பேர் வைக்க மாட்டேன். கூட்டத்தில் எழுந்து சொன்னேன். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"இதுக்குப் பாடநூல் எங்க கிடைக்கும் மேடம்?"

"கிடைக்காது சார்."

"நோட்ஸ்?"

"அதுவும் கிடைக்காது."

"அப்ப பசங்க காப்பி அடிக்க வழியே இல்ல. வெச்சிடுவோம்."

உலகத்தில் வேறெங்கும் குர்து இலக்கியத்துக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது.

இந்தத் தலைவரைப் பற்றி ஒரு வரி சொல்லவேண்டும், ஏனென்றால் கதை முழுக்க வருவார். நல்ல மனிதர். அவருடைய மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு பொன்னாடை தயாராக இருக்கும். யார் எப்போது பிரமுகர் ஆவார் என்று சொல்ல முடியாது என்பது அவர் கொள்கை. ஒருமுறை தண்ணீர் கேன் போட வந்தவரின் கழுத்தில் அது விழுந்துவிட்டதாகத் துறையில் ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. நம்புகிறேன்.

முதல் வகுப்பில் திருப்போரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "மேடம், அவங்களுக்கு நாடு எங்க கீது?"

வரைபடத்தை விரித்துக் காட்டினேன். துருக்கியில் ஒரு துண்டு, ஈராக்கில் ஒன்று, ஈரானில், சிரியாவில். வடக்கே பழைய சோவியத் பக்கமும் கொஞ்சம் பேர். பையன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்ப பரீட்சையில எந்த நாட்டு இலக்கியம்னு எழுதறது?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் பரீட்சைத்தாளில் எழுதாமல் எனக்கு எழுதுங்கள்.

அந்த வகுப்பிலிருந்து வந்தவள்தான் மலர்க்கொடி. திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளி, நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். எம்.ஏ. முடித்து, என்னிடமே ஆய்வுக்குச் சேர்ந்தாள். தலைப்பு: நவீன குர்துச் சிறுகதைகளில் வீடு திரும்புதல். பிடிவாதக்காரி. நான் இளமையில் புத்தகக் கண்காட்சியில் வாங்கித் தூசி படியவைத்திருந்த ஒரு ரஷ்ய மொழிப் பாலபாடத்தை வாங்கிக்கொண்டு போய், எழுத்துகளை மட்டும் உரக்கப் படிக்கக் கற்றுக்கொண்டாள். ஏன் ரஷ்யம் என்றால், சோவியத் பக்கத்துக் குர்துகள் தங்கள் மொழியை ரஷ்ய எழுத்தில்தான் அச்சடித்தார்கள். மொழி குர்து, எழுத்து ரஷ்யம். துருக்கிப் பக்கம் அதே மொழிக்கு ஆங்கில எழுத்துபோல ஒன்று. ஈராக், ஈரான் பக்கம் அரபு எழுத்து. ஒரே தாய்க்கு மூன்று மருமகள்கள், மூன்று சமையலறை.

அவள் ஆய்வேட்டின் உயிர் மூன்றாம் அத்தியாயம். அதற்குள் உயிர் ஒரு கதை. சோவியத் மலைக்கிராமத்துப் பையன் நகரத்து விடுதிப் பள்ளிக்குப் போகிறான். வருடங்கள் கழித்து விடுமுறைக்கு வீடு வருகிறான். தாய்மொழி நாக்கில் தடுக்குகிறது. அம்மாவிடம் ஒழுங்காக ஒரு வாக்கியம் பேச வரவில்லை. கதையின் கடைசி வரி ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: அம்மா ஒன்றும் பேசாமல் அவனுக்குப் படுக்கை விரித்தாள். அவ்வளவுதான். மலர் அதைப் பிடித்துக்கொண்டு ஓர் அத்தியாயமே எழுதினாள். மொழி போனாலும் வீடு போகவில்லை, தாயின் மௌனம் மொழிக்கும் மேலான மொழி என்று. அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு நானும் தலையாட்டினேன். ஆட்டாமல் இருக்க முடியாது, அவ்வளவு அழகாக இருந்தது. எச்சரிக்கையாக இருக்கவேண்டியது அங்கேதான் என்று இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆய்வேடு மதிப்பீட்டுக்குப் போனது ஒரு வெளித்தேர்வாளரிடம். வாணியம்பாடிக்காரர், வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பாரசீகம் கற்பித்தவர். அறிக்கையில் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, கடைசியில் ஓர் ஊசியைச் சொருகியிருந்தார். அந்தக் கதையின் ஆங்கில வடிவம் குர்திலிருந்து நேராக வந்ததல்ல, ரஷ்ய மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. ஆகவே அந்தக் கடைசி வரியை மூலத்தோடு ஒப்பிட்டு, வாய்மொழித் தேர்வில் மூன்றாம் அத்தியாயத்தை நிலைநாட்ட வேண்டும். இல்லையென்றால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும்.

மறுபடி சமர்ப்பிப்பது என்றால் இன்னும் ஆறேழு மாதம். மலருக்கு வாய்மொழித் தேர்வு முடிந்த அடுத்த வாரமே செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் நேர்காணல் இருந்தது. பட்டம் உறுதி என்ற சான்றோடு வந்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்த வேலைக்காக இரண்டு வருடமாகக் கல்யாணப் பேச்சை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். எனவே எல்லாம் ஒரு வரியில் தொங்கியது. அம்மா ஒன்றும் பேசாமல் படுக்கை விரித்தாளா?

மூலம் கிடைத்தது. கல்பாக்கத்தில் என் பக்கத்து வீட்டு விஞ்ஞானி ஒருவர் மாஸ்கோவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போனபோது, நூலகத்தில் தேடிக் கதையை நகலெடுத்து வந்தார். ரஷ்ய எழுத்தில் குர்து. மலரால் அதை உரக்கப் படிக்க முடியும், அர்த்தம்தான் தெரியாது. ஆட்களின் பெயரை வைத்து இது அந்தக் கதைதான் என்று கண்டுபிடித்தாள். அதற்குமேல் சுவர். அகராதி கிடையாது, கேட்க ஆள் கிடையாது.

இந்த நிலையில் தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் தேர்வாளர் வந்து இறங்கினார். வெளித்தேர்வாளர் வந்தால் மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது நம் பக்கத்து எழுதாத சட்டம். தேர்வாளர் நூறு முறை பார்த்திருந்தாலும் இன்னொரு முறை பார்த்துத்தான் ஆகவேண்டும். கடற்காற்று மனசை இளக்கும், வறுத்த மீன் பேனாவை இளக்கும் என்பது நம்பிக்கை. தலைவர், நான், மலர் மூன்று பேரும் அழைத்துக்கொண்டு போனோம்.

தேர்வாளர் இளகவில்லை. கடற்கரைத் தட்டுக்கடையில் சங்கரா வறுவலை முள் முள்ளாகப் பிரித்துக்கொண்டே, "மூலம் கிடைச்சுதாம்மா?" என்றார்.

"கிடைச்சுது சார்."

"புரிஞ்சுதா?"

மலர் கடலைப் பார்த்தாள். கடலும் உதவவில்லை.

இதற்குள் தலைவர் காணாமல் போயிருந்தார். வெளிநாட்டுக்காரர் யாரைப் பார்த்தாலும் எந்த நாடு என்று கேட்டுக் கைகுலுக்குவது அவர் வழக்கம். சிற்பக் கடைப் பக்கமிருந்து ஒரு கூவல் வந்தது.

"மேடம்! கிடைச்சிட்டார் மேடம்!"

கையைப் பிடித்து ஒரு மனிதரை இழுத்து வந்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் சிவந்த மூக்கு, கையில் ஒரு கல் பிள்ளையார், முகத்தில் பீதி. தலைவர் மூச்சு வாங்கச் சொன்னார்: "ஜெர்மனியான்னு கேட்டேன். பாஸ்போர்ட் ஜெர்மனி, நான் குர்துன்னார் மேடம்! பேரு ஆசாத்! துருக்கியில பொறந்தவராம்! நாளைக்கு நம்ம மேடையில உக்காரப் போறார்!"

"சார், அவர் ஊர் பாக்க வந்திருக்கார்," என்றேன்.

"நம்ம ஊரைத்தானே மேடம்? நம்ம துறையையும் பாக்கட்டும்."

ஆசாத் ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னார். தான் அறிஞர் இல்லை, ஜெர்மனியில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் என்று. அதைக் கேட்டு எங்கள் தலைவர் இன்னும் பூரித்துப்போனார். எங்கள் கட்டடத்து லிஃப்ட் அப்போது பல மாதமாக இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் தியானத்தில் இருந்தது.

தேர்வாளர் விரலைத் துடைத்துக்கொண்டு ஆசாத்தை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லது. நாளைக்கு வரட்டும்," என்றார். "வேணாம்னு சொல்லவா?" என்று மலர் காதில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வரட்டும் மேடம். ஒருநாள் தெரிஞ்சுதானே ஆகணும்?"

மறுநாள் காலை. பொது வாய்மொழித் தேர்வு என்பது நம்மூரில் பாதி தேர்வு, பாதி நிச்சயதார்த்தம். மலரின் ஊரிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தங்கள். முன்வரிசையில் அவள் அம்மா பச்சையம்மாள், பட்டுப்புடவையில், மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கோடு. தூக்கைக் கீழே வைக்கச் சொன்னால், "கொட்டிக்கும்" என்று மறுத்துவிட்டார். ஆசாத்தின் கழுத்தில் பொன்னாடை ஏற்கெனவே விழுந்திருந்தது. தலைவர் அவரை, உலகப் புகழ்பெற்ற குர்து மொழி அறிஞர் என்று அறிமுகப்படுத்தினார். தமிழ் தெரியாததால் ஆசாத் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

இன்னொரு வழக்கமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேர்வில் சபையிலிருந்தும் கேள்வி கேட்கலாம் அல்லவா? வம்பான கேள்வி வரக்கூடாது என்று, நமக்கு வேண்டியவர்களிடம் முன்கூட்டியே துண்டுச்சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தலைவரும் கொடுத்திருந்தார். மலர் ஆய்வைச் சுருக்கிச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவன் விறைப்பாக எழுந்து, சீட்டைப் பார்த்துப் படித்தான்: "உங்கள் ஆய்வால் தமிழ்ச் சமூகத்துக்கு என்ன பயன்? இதை மூன்றாவதாகக் கேட்கவும்."

சபை குலுங்கியது. தேர்வாளரும் சிரித்துவிட்டார். "முதல் ரெண்டும் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். இரண்டு பேர் சீட்டைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்கள்.

சிரிப்பு அடங்கியபோது அவர் குரல் மாறியிருந்தது. "சரிம்மா. மூன்றாம் அத்தியாயம். மூலம் எங்கே?"

மலர் நகலை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரபு எழுத்தாக இருந்தால் அவரே தடவிப் படித்திருப்பார். இது ரஷ்ய எழுத்து. பக்கத்தில் இருந்த ஆசாத்திடம் கொடுத்து ஆங்கிலத்தில் சொன்னார்: "கடைசி வரியைப் படித்து, என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்."

ஆசாத் தாளை வாங்கினார்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பொன்னாடை ஒரு பக்கமாக நழுவியது, அதைச் சரிசெய்யவில்லை. மின்விசிறியின் கீச்சொலி மட்டும் கேட்டது. சபையில் எல்லோரும் ஒன்றையே நினைத்தார்கள். மூலத்தில் வேறு ஏதோ இருக்கிறது, அந்தப் பெண் எழுதியது தப்பு, அதைச் சொல்ல மனிதர் சங்கடப்படுகிறார் என்று.

எனக்கு மட்டும் வேறு ஒன்று புரிந்தது. அவர் காதுகள் சிவந்துகொண்டிருந்தன. அவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. ரஷ்ய எழுத்து என்பதால் மட்டும் அல்ல. அவர் படித்த பள்ளியில் துருக்கி மொழிதான், வீட்டு மொழியை வாயெடுத்தால் அடி. இதை முந்தின நாள் கடற்கரையில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். தன் மொழியில் அச்சான ஒரு கதையை அவர் கையில் பிடிப்பதே அநேகமாக அதுதான் முதல் தடவை. அதுவும் முன்னூறு கண்கள் பார்க்க.

தலைவருக்கும் பொறி தட்டியது. என் காதில் கிசுகிசுத்தார்: "மேடம், அவருக்கே படிக்க வரல! இதைவிடச் சான்று வேணுமா? வீடு திரும்பினவனுக்கு மொழி போச்சுங்கிறதுக்கு உயிரோட உதாரணம்! எழுந்து சொல்லுங்க மேடம், ஆய்வு பாஸ்!"

உண்மையைச் சொன்னால், அது வேலை செய்திருக்கும். கைதட்டல் கூட விழுந்திருக்கும். என் முழங்கால்கள் பாதி எழுந்துவிட்டன. நான்தான் சொன்னேனே, உட்காரத் தெரியாதவள். அப்போது மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தலையை அசைக்கக்கூட இல்லை, பார்த்தாள், அவ்வளவுதான். உட்கார்ந்தேன். நெறியாளர் தேர்வில் வாய் திறக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியை யார் எழுதினாரோ, அவருக்கு ஒரு பொன்னாடை போடலாம்.

மலர் ஆசாத்திடம் போனாள். கேட்டது ஆங்கிலத்தில்: "சார், இந்த நகல் ரொம்ப மங்கல். எனக்குப் பழகிப்போச்சு. நான் படிக்கிறேன், நீங்க கேட்டு எனக்குச் சொல்றீங்களா?"

நகல் மங்கலாக இல்லை. முத்துமுத்தாக இருந்தது. தேர்வாளர் அதைப் பார்த்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் படித்தாள். திருக்கழுக்குன்றத்து நாக்கில் குர்து மொழி! வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், அர்த்தம் தெரியாத ஒலிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். ஆசாத்துக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. "அகெய்ன்," என்றார். மறுபடி படித்தாள். கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் முறை அவர் உதடுகள் அவளுக்கு ஒரு நொடி பின்னால் அசைய ஆரம்பித்தன. பிறகு அவளைத் தாண்டி முன்னால் ஓடின. ஒரு சொல்லை அவள் உடைத்துப் படித்தால் அவர் ஒட்டிக் கொடுத்தார். எழுத்து அவளிடம், அர்த்தம் அவரிடம். இரண்டு பேரும் ஒரு கண்ணாடிப் பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படியேறுவது போல அந்தப் பக்கத்தைக் கொண்டுபோனார்கள். சபை அசையவில்லை. பச்சையம்மாள் தூக்கைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

கடைசி வரி வந்தது. மலர் படித்தாள்: "...நிவீனே மேவானா."

ஆசாத் கண்ணைத் திறந்தார். "இன்னொரு முறை."

"நிவீனே மேவானா."

"இது வெறும் படுக்கை இல்லை," என்றார் மெதுவாக. ஆங்கிலத்தில் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னதை மலர் அப்படியே தமிழில் சொன்னாள். அவர்கள் வீடுகளில் சுவரோரம் மெத்தைகளையும் கனத்த பஞ்சுப் போர்வைகளையும் அடுக்கி, மேலே பூவேலைத் துணி போர்த்தி வைத்திருப்பார்களாம். நல்ல கம்பளி, நல்ல உறை. வீட்டு மனிதர் யாரும் அதைத் தொடக்கூடாது. பிள்ளைகள் ஏறிக் குதித்தால் முதுகில் விழும். விருந்தாளிக்கு மட்டும் எடுப்பார்கள். "அம்மா சும்மா ஒரு படுக்கையை விரிக்கவில்லை. இங்கே எழுதியிருப்பது, அம்மா விருந்தாளிப் படுக்கையை எடுத்து மகனுக்கு விரித்தாள்."

மலர் கடைசி வாக்கியத்தைத் தமிழில் சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் தேய்ந்தது. அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. அந்தத் தாய் மகனை அணைத்துக்கொள்ளவில்லை. நீ இனி இந்த வீட்டுக்காரன் இல்லை என்கிறாள்.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. "பெத்த புள்ளைக்கா? இன்னா பொம்பள அவ!"

"அம்மா, கம்முனு இரு," என்றாள் மலர் பல்லைக் கடித்து.

"நீ இரு. புள்ள வூட்டுக்கு வந்துகீறான், பேச்சு வர்லன்னா இன்னா, சோறு வராதா? தனியா மெத்த போட்டு உக்கார வெப்பாளா?"

சபை சிரித்தது. அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று ஆசாத் கேட்டார். மலர் சொன்னாள்: "கதையில் வருகிற அம்மாவைத் திட்டுகிறார்."

ஆசாத் பச்சையம்மாளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "என் அம்மாவும் அப்படித்தான் செய்தாள். ஜெர்மனியிலிருந்து முதல்முறை வீட்டுக்குப் போனபோது. ரொம்ப மிருதுவான மெத்தை. தூக்கமே வரவில்லை."

இதையும் மலர் தமிழில் சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தேர்வாளர் பேனாவை எடுத்தார். "சரி. அப்போ மூன்றாம் அத்தியாயம்?"

நீங்கள் நாலு பேரும் ஒருநாள் நெறியாளர் நாற்காலியில் உட்காருவீர்கள், மேடையில் உங்கள் மாணவர் நிற்பார். அப்போது இந்தக் கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சமாளிக்க ஆயிரம் வழி இருக்கிறது. மொழிபெயர்ப்பில் பாடபேதம், வாசகர் உரிமை, பல பொருள் தரும் பிரதி என்று எத்தனை புகைக்குண்டுகளை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! அடுத்த வாரத்து வேலை, வாசலில் நிற்கிற கல்யாணம், வேனில் வந்த சொந்தம் எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"விழுந்துடுச்சு சார்."

"என்னது?"

"அத்தியாயத்தோட முடிவு விழுந்துடுச்சு. அந்தம்மா பேசாம இருந்தாங்கன்னு எழுதினேன். அவங்க பேசியிருக்காங்க, மெத்தையால. அன்புன்னு எழுதினேன். அது அன்பு இல்ல, இல்லன்னா ரொம்பக் கோவமான அன்பு. நான் எழுதினது தலைகீழ்."

தலைவர் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார் தேர்வாளர்.

"அப்புறம் சார்..." அவள் ஆய்வேட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். புரட்டப் புரட்ட வேகம் வந்தது. "ரெண்டாம் அத்தியாயத்துல ஒரு கதை. பட்டணத்துல கட்டிக் கொடுத்த பொண்ணு வூட்டுக்கு வர்றா. அவளுக்கு மட்டும் தங்க விளிம்பு போட்ட கண்ணாடி டம்ளர்ல டீ குடுக்கறாங்க. நான் அதை உபசரிப்புன்னு எழுதியிருக்கேன். இன்னொண்ணுல, ஜெயில்லேருந்து வந்த அண்ணனைக் கதவுக்கு எதிரா, மேல் இடத்துல உக்கார வெக்கறாங்க. மரியாதைன்னு எழுதியிருக்கேன். எல்லாம் ஒண்ணுதான் சார்! திரும்பி வந்தவங்க எல்லாருக்கும் வூட்டுல மரியாதை கூடிடுது. மரியாதை கூடக் கூட அவங்க வெளியாளு ஆயிடறாங்க. இந்தக் கதைங்கள்ல வீடு திரும்பறவங்களை யாரும் தொரத்தல. விருந்தாளி ஆக்கிடறாங்க."

அவசரத்தில் வீடு வூடாகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். மூன்று வருடமாக அவள் சேர்த்துவைத்த தானியம் எல்லாம் வேறொரு முறத்தில் விழுந்து, சட்டென்று தனியாகப் பிரிந்தது. நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் அதில் இல்லை.

தேர்வாளர் நீண்ட நேரம் எழுதினார். எழுந்து நின்று, சடங்குக்குரிய வாக்கியங்களைச் சொன்னார். பட்டத்துக்குப் பரிந்துரை, மூன்றாம் அத்தியாயத்தின் முடிவை மட்டும் இன்று சொன்னபடி திருத்தி நூலகப் படியில் சேர்க்கவேண்டும். பிறகு சடங்கில் இல்லாத ஒன்றையும் சொன்னார்: "அந்த நகல் ரொம்ப மங்கலா இருந்துச்சும்மா. அடுத்த தடவை நல்லதா எடு." சொல்லிவிட்டு ஆசாத் பக்கம் திரும்பாமலே மேடையிலிருந்து இறங்கினார். அந்த நாசூக்கை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

மலர் நேர்காணலுக்குப் போனாள், வேலையும் கிடைத்தது. திருத்திய முடிவுரை பழையதைப்போல அழகாக இல்லை. அதைவிட உண்மையாக இருந்தது. என்ன பாடம் என்று கேட்பீர்கள். ஒரு மனிதரை உங்கள் வாதத்துக்குச் சான்றாக நிறுத்த வாய்ப்பு வரும்போது, அவர் காதைப் பாருங்கள், சிவந்திருக்கிறதா என்று. மற்றதெல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

தேர்வு முடிந்து, வேனில் வந்த பிரியாணியைத் துறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பிரித்தார்கள். தூக்கில் இருந்தது, மகள் முந்தின இரவு சொன்னதைக் கேட்டுத் தனியாக ஆசாத்துக்காக எடுத்துவைத்த பாயசமாம். பச்சையம்மாள் துறைத்தலைவரின் சுழல் நாற்காலியையே வெளியே தள்ளிக்கொண்டு வந்து, அதன்மேல் துண்டு விரித்து, "உக்காருப்பா" என்றார். ஆசாத் நாற்காலியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், மலரைப் பார்த்தார். பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஜமுக்காளத்தில் சொந்தங்களின் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். பச்சையம்மாள் ஒரு நொடி திகைத்தார். பிறகு அந்தப் பாயசத்தை எல்லோருக்குமாகப் பங்கு போட்டார். ஆளுக்கு இரண்டு வாய்தான் வந்தது.

சாயங்காலம் வேனிலேயே அவரைக் கேளம்பாக்கத்துக்குக் கொண்டுவந்து, மாமல்லபுரம் பஸ்ஸில் ஏற்றினோம். ஷேர் ஆட்டோக்களின் இரைச்சல், கண்டக்டரின் விசில். ஆசாத் படியில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கை கொடுத்தார். கல் பிள்ளையாரை வைத்திருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மலர் ஏதோ ஆங்கிலத்தில் நன்றி சொல்ல ஆரம்பித்தாள். பச்சையம்மாள் அவளைத் தோளால் இடித்து ஓரமாகத் தள்ளினார்.

"நீ கம்முனு இரு, நான் சொல்றேன். தோ பாருப்பா, அடுத்த தபா வந்தா நேரா வூட்டுக்கு வா. உனக்குன்னு மெத்தயெல்லாம் எடுக்க மாட்டேன். எங்க புள்ளைங்களோட கீழ பாயிலதான் படுக்கணும், சொல்ட்டேன்!"